12 பிளாக், 12 அளவு: சாம்ப்ளர் கில்ட்டில் எங்கே தவறுகிறது?

ஜூன் 2 (வாசகர் கேள்வி)

சாம்ப்ளர் கில்ட்டுக்காக, அதாவது சதுரத்துக்கு ஒரு வடிவமாகத் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்காக, 6 இஞ்ச் பிளாக்குகள் (அந்தச் சதுரங்கள்) தைத்துக்கொண்டிருக்கிறேன். சுற்றிலும் தையலுக்கு விட்ட துணியோடு சேர்த்து ஒவ்வொன்றும் 6 1/2 இருக்க வேண்டும். 12 முடித்துவிட்டேன். அடுக்கிப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. பிளாக் வடிவத்தின் பெயரோடு சொன்னால் நைன் பேட்ச் 6 3/8, லாக் கேபின் 6 1/8, ப்ரோக்கன் டிஷஸ் 6 5/8. மற்றவை இவற்றுக்கு நடுவே எங்கெங்கோ நிற்கின்றன. எல்லாவற்றையும் இருப்பதிலேயே சிறிய அளவுக்கு, 6 1/8க்கு, வெட்டிச் சமன் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். கில்ட் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதானே?

ஜூன் 2, இரவு

வெட்டாதீர்கள். அந்த 12இல் சாட்டூத் ஸ்டார், ஓஹையோ ஸ்டார் மாதிரி நட்சத்திர முனை உள்ளது ஏதாவது இருந்தால் துணி வெட்டும் கட்டரைத் தொடவே வேண்டாம். நட்சத்திர முனைக்கும் துணி விளிம்புக்கும் நடுவே ஒரு கால் இஞ்ச் இருக்கிறது. பார்க்க மிச்சத் துணி போலத் தெரியும். ஆனால் அது அடுத்த தையலுக்கான இடம். அதை வெட்டினால் பிளாக்கை அடுத்ததோடு சேர்க்கும்போது முனை தையலுக்குள் புதைந்துவிடும், நட்சத்திரம் மொட்டையாகிவிடும். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3

நீங்கள் கொடுத்த அளவுகளைத் தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன். அவையே பாதி பதிலைச் சொல்கின்றன.

நைன் பேட்சில் 3க்கு 3 என்று 9 சதுரம், குறுக்கே 2 தையல். 6 1/2 வர வேண்டியது 6 3/8 வந்திருக்கிறது, அதாவது 2/16 குறைவு. லாக் கேபினில் நடுச் சதுரத்துக்கு இந்தப் பக்கம் 3 பட்டை, அந்தப் பக்கம் 3 பட்டை என்று குறுக்கே 6 தையல். 6 1/8 வந்திருக்கிறது, 6/16 குறைவு. இரண்டிலும் ஒரு தையலுக்கு 1/16 இஞ்ச் போகிறது. கணக்கு இவ்வளவு ஒழுங்காக வருவதால் உங்கள் வெட்டு சரி, தையல்தான் தடிப்பு.

ஒரு தையலில் இரண்டு துணி இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு துணியிலும் கூடுதலாகப் போவது 1/32. பழைய வாய்பாட்டில் சொன்னால் அரைவீசம். மில்லிமீட்டரில் 0.8. கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது, ஆனால் 6 தையல் சேர்ந்தால் ஒரு கால் இஞ்சையும் தாண்டிவிடும்.

நீங்கள் ஊசியிலிருந்து விளிம்புக்குச் சரியாகக் கால் இஞ்ச் வைத்துத்தான் தைத்திருப்பீர்கள். சிக்கலே அதுதான். தைத்த பிறகு துணியை ஒரு பக்கமாக மடித்து அழுத்தும்போது, அந்த மடிப்பு ஏறி இறங்குவதற்கு ஓரிரு இழை செலவாகிறது. அதனால் கால் இஞ்சுக்கு ஓரிரு இழை குறைவாகத் தைக்க வேண்டும். எத்தனை இழை என்பது துணியின் தடிப்பு, நூலின் தடிப்பு, உங்கள் மெஷின் எல்லாவற்றையும் பொறுத்தது. அதை நான் சொல்ல முடியாது, ஒரு சோதனை சொல்லும்.

1 1/2 இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டுங்கள். நீளவாக்கில் சேர்த்துத் தைத்து அழுத்துங்கள். மொத்த அகலம் 3 1/2 வர வேண்டும், நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் வர வேண்டும். நடுப்பட்டை ஒல்லியாக வந்தால் ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தி மறுபடி தையுங்கள். பிளாக் தைக்கிற அதே துணி, அதே நூல், அதே ஊசி. எனக்கு நாலாவது தடவைதான் சரியாக வந்தது. அன்றைக்குத் தைத்த பட்டையில் தேதி எழுதி மெஷின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நூல் மாற்றினால் மறுபடி அளந்து பார்ப்பேன்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

ப்ரோக்கன் டிஷஸை விட்டுவிட்டேன். குறுக்கே 3 தையல் உள்ள பிளாக் அது. மேலே சொன்ன கணக்குப்படி 6 5/16 ஆகச் சுருங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு 6 5/8 வந்து பெருத்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முக்கோணத்தின் நீளப் பக்கம் கிராஸ் வெட்டு, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டியது. நீராவியோடு முன்னும் பின்னும் தேய்த்தால் ரப்பர் மாதிரி நீளும். பெட்டியைத் தூக்கி வைத்து, தூக்கி எடுக்க வேண்டும். சட்டைக்குத் தேய்ப்பது போலத் தேய்க்கக் கூடாது. இந்த பிளாக்கில் 16 முக்கோணக் கட்டம் (இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம்), எல்லாமே கிராஸ்.

ஜூன் 5

இஸ்திரிப் பெட்டி மேல் சொன்ன குற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன். கேள்வி கேட்டவர் இப்போது சொல்கிறார்: முக்கோணத்துக்கான சதுரங்களை 2 1/2 இஞ்சுக்கு வெட்டினாராம், தைத்து முடித்து அப்படியே அடுத்த வேலைக்குப் போய்விட்டாராம்.

இந்த பிளாக்கில் ஒரு கட்டம் முடிந்தபின் 1 1/2. ஓரத் தையலோடு 2 இஞ்ச். இரண்டு சதுரத்தைச் சேர்த்து வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டம் கிடைக்கும். இதற்குச் சதுரத்தை எவ்வளவு வெட்டுவது என்பதில் இரண்டு வழக்கம் இருக்கிறது. முடிந்த அளவோடு 7/8 கூட்டுவது ஒன்று, இங்கே 2 3/8. 1 இஞ்ச் கூட்டி வெட்டி, தைத்த பின் சுற்றிலும் சீவி 2 இஞ்சுக்குக் கொண்டுவருவது இன்னொன்று. இவர் இரண்டாவது வழக்கப்படி வெட்டியிருக்கிறார், சீவாமல் விட்டுவிட்டார். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 2 1/8 ஆக நின்றிருக்கும். நாலு கட்டம் ஒரு வரிசையில் சேர்ந்தால் அரை இஞ்ச் கூடுதல். அதில் பெரும்பகுதியை, மூலைவிட்டத்திலும் கட்டங்களைச் சேர்த்த இடத்திலும் இருந்த தடித்த தையல் விழுங்கிவிட்டது. மிஞ்சியதுதான் அந்த 1/8. ஒரே பிளாக்கில் இரண்டு தவறு, ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு.

நான் 1 இஞ்ச் கூட்டிச் சீவுகிற கட்சி. 7/8 என்பதே ஒரு தோராயம். செங்கோண முக்கோணத்தைச் சுற்றிக் கால் இஞ்ச் விட்டால் நேர்ப்பக்கம் கூடுவது 0.8536 இஞ்ச். கட்டர் வைத்து வெட்டுகிற அளவுகோலில் அது இல்லை என்பதால் மேலே ஏற்றி 7/8, அதாவது 0.875. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் சுமார். ஒரு கட்டத்துக்கு அது ஒன்றுமில்லை. 16 கட்டம் உள்ள பிளாக்கில் அந்தத் தோராயத்தோடு என் கை நடுக்கமும் சேரும். சீவும்போது இரண்டும் ஒரே வெட்டில் போய்விடும். அளவுகோலின் 45 பாகைக் கோட்டை நடுத்தையல் மேல் வைத்து இரண்டு பக்கம் வெட்டி, திருப்பி, மறு இரண்டு பக்கம் வெட்டினால் போதும்.

பிளாக்கை வெட்டாதே என்று சொல்லிவிட்டுக் கட்டத்தைச் சீவச் சொல்கிறேனே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்விதான். கட்டத்தில் மூலைவிட்டம் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கோட்டில் பிடித்தால் சுற்றிலும் ஒரே அளவு போகும், முனை நகராது. முழு பிளாக்கில் முனைகள் ஏற்கெனவே ஓரிடத்தில் பூட்டப்பட்டுவிட்டன. அப்போது வெட்டினால் தவறு போகாது, தவறின் மேல் இருக்கும் துணிதான் போகும். அதனால் நான் அளப்பது மூன்று இடத்தில்: கட்டம் முடிந்ததும், வரிசை முடிந்ததும், கடைசியில் பிளாக்கை. கட்டத்தில் தவறு இருந்தால் ஒரே ஒரு தையலைப் பிரித்தால் போதும்.

ஜூன் 6

சென்டிமீட்டரில் தைக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாகத் தைக்கலாம், இரண்டையும் கலக்காதவரை. கால் இஞ்ச் 6.35 மி.மீ. தையலுக்கு 0.75 செ.மீ. விட்டால் எல்லாக் கூட்டலும் மாறும். முக்கோணத்துக்குக் கூட்டவேண்டியது 2.56 ஆகும். இஞ்சில் எழுதிய பட்டியலை 2.54ஆல் பெருக்கி அதில் 0.75 தையல் போட்டால் எதுவும் ஒத்துவராது.

ஜூன் 9

நேற்று பேர்ஸ் பா என்ற பிளாக் பற்றிப் பேச்சு வந்தது. கரடியின் பாதம் நாலு, ஒவ்வொன்றிலும் நாலு நகம், மொத்தம் 45 துண்டு. அதை 6 இஞ்சில் தைக்க முயன்ற அனுபவத்தை எழுதுகிறேன், யாருக்காவது ஒரு வாரம் மிச்சமாகும்.

பழைய பிளாக் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டக்கோடு அடியில் இருக்கும். ஷூ ஃப்ளை, ஃபிரண்ட்ஷிப் ஸ்டார், ஓஹையோ ஸ்டார், சர்ன் டேஷ் எல்லாம் 3க்கு 3. 6 இஞ்சில் ஒரு கட்டம் 2 இஞ்ச், சுகமாக வரும். சாட்டூத் ஸ்டார், ப்ரோக்கன் டிஷஸ், டச்மேன்ஸ் பசில் எல்லாம் 4க்கு 4. ஒரு கட்டம் 1 1/2, இதுவும் சரி. பேர்ஸ் பா 7க்கு 7. 6ஐ 7ஆல் வகுத்தால் எந்த அளவுகோலிலும் இல்லாத எண் வரும்.

நான் அதை 7/8 என்று எடுத்துக்கொண்டேன். 7 தடவை 7/8 என்றால் 6 1/8. ஓரத் தையலோடு 6 5/8. அரைக்கால் இஞ்ச்தானே கூடுதல், சுற்றிலும் 1/16 சீவினால் சரியாகிவிடும் என்று சீவினேன். 16 நகத்தில் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. ஜூன் 2 இரவு அவ்வளவு அவசரமாக எழுதியதற்குக் காரணம் இந்த பிளாக்தான்.

பிறகு அதையே தாளில் அச்செடுத்து, தாளின் மேலேயே தைத்தேன். கோட்டின் மேல் தைப்பதால் வகுத்தலில் என்ன எண் வந்தாலும் கவலையில்லை. தையல் நீளத்தை 1.5 மி.மீ. ஆகக் குறைத்துக்கொண்டால் தாள் சுலபமாகக் கிழிந்து வரும். துணி தாளின் மறுபக்கம் இருப்பதால் வடிவம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறும். பேர்ஸ் பா இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் தப்பித்தேன். காற்றாடி மாதிரிச் சுழலும் பிளாக்குகளில் இது முகத்தில் அறையும்.

5க்கு 5 உள்ளவையும் 6 இஞ்சில் இதே தொல்லைதான். ஜூன் 6இல் சென்டிமீட்டர் கேட்டவர் இங்கே ஜெயிக்கிறார்: 15 செ.மீ. பிளாக் 3ஆலும் வகுபடும், 5ஆலும் வகுபடும்.

ஜூன் 12

அழுத்துவது பற்றி. இருண்ட நிறத் துணியின் பக்கம் மடித்து அழுத்து என்பதுதான் எல்லோருக்கும் முதலில் சொல்லப்படுவது. பல வருஷம் நானும் அப்படித்தான். வெளிர் துணிக்குப் பின்னால் இருண்ட துணி நிழலாகத் தெரியாது என்பது அதற்குக் காரணம், நல்ல காரணம்தான். ஆனால் சின்ன பிளாக்கில் அதைவிட முக்கியம், சந்திக்கிற இரண்டு தையல் எதிரெதிர்ப் பக்கம் மடிந்திருப்பது. முதல் வரிசையை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் மடித்தால் இரண்டு மேடும் ஒன்றையொன்று பிடித்து உட்காரும். விரல் நுனியில் தெரியும், ஊசி குத்தாமலே மூலை பொருந்தும். நைன் பேட்சில் முதல் வரிசையும் மூன்றாவதும் ஒரு பக்கம், நடுவரிசை மறுபக்கம். நிறம் இதற்கு இடம் கொடுக்காவிட்டால் நிறத்தை விட்டுவிடுவேன்.

பின்வீல் என்ற காற்றாடி வடிவ பிளாக்கின் நடுவில் எட்டு முக்கோணம் ஓரிடத்தில் குவிகிறது. அங்கே மடித்து அழுத்தினால் ஒரு குமிழ் நிற்கும், கில்ட்டிங் ஊசி அதில் தடுக்கும். அந்த ஒரு தையலை மட்டும் இரு பக்கமும் விரித்து அழுத்துகிறேன். அல்லது நடுவில் குறுக்கே போகும் இரண்டு மூன்று தையலைப் பிரித்துவிட்டு மடிப்புகளைச் சுழல விட்டால், பின்பக்கம் நடுவில் குட்டியாக இன்னொரு பின்வீல் விரியும். அது வந்துவிட்டால் எனக்கு அன்றைய தினம் முழுக்க மனசு நிறைவாக இருக்கும்.

ஜூன் 3இல் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். விரித்து அழுத்தினால் மடிப்புக்கு ஆகும் இழை குறையும். மடித்து அழுத்திச் சோதித்த பட்டையை நம்பி எல்லாத் தையலையும் விரித்து அழுத்தினால் பிளாக் ஒரு நூலளவு பெரிதாகும். முறையை மாற்றினால் சோதனைப் பட்டையையும் மறுபடி தையுங்கள்.

ஜூன் 13

சின்ன முக்கோணத்தின் கூர்முனையை மெஷின் கீழே இழுத்துத் தின்கிறது என்பவர்களுக்கு: முதலில் ஒரு கழிவுத் துணியில் நாலு தையல் போட்டு, நிறுத்தாமல் முக்கோணத்தை நுழையுங்கள். மெஷினுக்கு ஒற்றைத் துளைத் தகடு (ஊசி இறங்க ஒரே ஒரு சின்னத் துளை உள்ளது) இருந்தால் மாட்டுங்கள். வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போட்டு அழுத்தினால் பாதித் தொல்லை இல்லை.

ஜூன் 16

வேலைக்கு வெளியே கொஞ்சம். சர்ன் டேஷ் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று ஒருவர் கேட்டார். வெண்ணெய் கடையும் மரப்பானைக்குள் ஏறி இறங்கும் தண்டு, நம் மத்துக்கு உறவு. இதே பிளாக்குக்கு மங்கி ரெஞ்ச் என்றும் ஹோல் இன் த பார்ன் டோர் என்றும் பெயர் உண்டு. ஒருத்தி கண்ணுக்கு மத்து, இன்னொருத்திக்கு மரையாணிச் சாவி, மற்றவளுக்குக் களஞ்சியக் கதவின் ஓட்டை. அவரவர் கையில் அன்றாடம் இருந்த பொருள் பெயராகிவிட்டது. அமெரிக்காவில் கான்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை பிளாக் வடிவங்களை அச்சிட்டது. இதழ்களில் வந்த பிறகும் பெயர்கள் ஒன்றாகவில்லை. அதனால் இங்கே அளவு கேட்கும்போது பெயரோடு கட்டக்கோட்டையும் எழுதுங்கள், 3க்கு 3, 4க்கு 4 என்று.

சின்ன பிளாக் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஜேன் ஸ்டிக்கிள். வெர்மான்ட் மாநிலத்தின் ஷாஃப்ட்ஸ்பரி ஊர்க்காரர். 1863இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது முடித்த கில்ட் இப்போது பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் 13க்கு 13, 169 பிளாக், ஒவ்வொன்றும் நாலரை இஞ்ச். சுற்றி 52 முக்கோணம், நாலு மூலை. ஒரு மூலையில் போர்க்காலம் என்பதையும் ஆண்டையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் தன் பெயரையும் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை 5602. சராசரி பார்த்தால் ஒன்றுக்கு 25 துண்டு வரும். ரோட்டரி கட்டரும் பிளாஸ்டிக் அளவுகோலும் வருவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால். அவர் ஏன் துண்டுகளை எண்ணினார் என்பது நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற விஷயம். பேர்ஸ் பா தைத்த பிறகு நானும் எண்ண ஆரம்பித்தேன். எண்ணி எழுதும்போதுதான் கை செய்த வேலையின் அளவு மனசுக்குப் புரிகிறது.

ஜூன் 20

கேள்வி கேட்டவருக்குச் சோதனைப் பட்டை 3 1/2 வந்துவிட்டது. ஊசி ஒரு புள்ளி நகர்ந்தது, அவ்வளவுதான். இனிமேல் தைப்பவை சரியாக வரும். பழைய 12ஐ என்ன செய்வது என்கிறார்.

லாக் கேபினில் முனை என்று எதுவும் இல்லை, அதுதான் சுலபம். கடைசிச் சுற்றின் நாலு பட்டையைப் பிரித்துவிடுங்கள். முறைப்படி பட்டை 1 1/4க்கு வெட்டுவது, நடுச்சதுரம் 2 இஞ்ச். இப்போது புதுப் பட்டைகளை 1 3/4க்கு வெட்டித் தைத்து, நடுச்சதுரம் நடுவில் இருக்கும்படி வைத்து 6 1/2க்குச் சீவுங்கள். இங்கே மட்டும் முழு பிளாக்கை வெட்டலாம்.

ப்ரோக்கன் டிஷஸைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 2 இஞ்சுக்குச் சீவி மறுபடி சேருங்கள். கட்டங்களைச் சேர்த்த தையலை மட்டும் பிரித்தால் போதும், மூலைவிட்டத் தையலைத் தொட வேண்டாம், அதைப் பிரித்தால் கிராஸ் விளிம்பு இழுத்துக்கொள்ளும்.

நைன் பேட்சையும் பிரியுங்கள். 9 துண்டுதான்.

ஜூன் 21

நைன் பேட்சைப் பற்றி நேற்றுச் சொன்னதை இரவு மாற்றி யோசித்தேன். பிரிக்க வேண்டாம். பிளாக்குகளுக்கு நடுவே இடைப்பட்டை வைக்கப் போகிறீர்கள் என்றால் நைன் பேட்சின் கோடுகள் பக்கத்து பிளாக்கின் எந்தக் கோட்டோடும் சேர வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு 1/16தான் குறைவு. அந்த பிளாக்கின் விளிம்பை மட்டும் 1/16 உள்ளே தள்ளி வைத்துத் தையுங்கள், போதும். முனை இல்லாத பிளாக் இதைத் தாங்கும்.

முனை உள்ளவை 1/16 குறைந்திருந்தால் நீளமான துணி கீழே, துணியை நகர்த்தும் மெஷின் பல்லை ஒட்டி இருக்கும்படி வைத்து, இரு முனையும் நடுவும் ஊசி குத்தித் தையுங்கள். பல் கீழ்த்துணியைச் சற்று அதிகமாக உள்ளே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் குறைந்தவற்றைப் பிரிக்கத்தான் வேண்டும்.

ஜூலை 4

13ஆவதாக அவர் தைத்த சாட்டூத் ஸ்டார் படத்தைப் பார்த்தேன். எட்டு முனையும் விளிம்பிலிருந்து கால் இஞ்சில் நிற்கின்றன. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஃப்ளையிங் கீஸ் (ஒரு பெரிய முக்கோணத்தின் இரு பக்கமும் சின்ன முக்கோணம் சேர்ந்த நீள்சதுரம்) நாலையும் ஒரே பெரிய சதுரத்திலிருந்து எடுத்திருக்கிறார்: பெரியது 4 1/4, சின்னது நாலு, 2 3/8.

நடுச்சதுரத்துக்கு எடுத்த பூத்துணி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பூ 3 இஞ்சைவிடப் பெரிது, ஒரு இதழும் கொஞ்சம் தண்டும்தான் தெரிகிறது. போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். நட்சத்திரமும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் துணியை மாற்றுங்கள்.

ஜூலை 5

மாற்ற மாட்டேன், அந்தத் துணிக்கு ஒரு கதை இருக்கிறது என்கிறார். சரி, அப்படியானால் இருக்கட்டும். பின்னணியை இன்னும் வெளிராக எடுத்தால் போதும்.

ஜூலை 11

இடைப்பட்டை வெட்டப் போகிறவருக்கு: பிளாக்கை அளந்து அதற்கேற்பப் பட்டை வெட்டாதீர்கள். எல்லாப் பட்டையும் 6 1/2, பிளாக் அதற்குப் பொருந்தட்டும். துணியின் கரைக்கு இணையாக, நீளவாக்கில் வெட்டுங்கள். குறுக்குவாட்டில் வெட்டிய பட்டை இழுபடும். முதல் வரிசையைச் சேர்த்ததும் அளவு எழுதுங்கள். நாலு பிளாக், நடுவில் 1 இஞ்ச் பட்டை மூன்று, ஓரத் தையலோடு 27 1/2 வர வேண்டும்.